சத்தம் போடாத கெட்டில்

கெட்டில் வாங்கப் போகிறவர்கள் கடையில் என்ன கேட்பார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பார்கள். வாரண்டி எத்தனை வருஷம் என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் தலைகீழாகக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்து, துருப்பிடிக்காதில்லையா என்பார்கள். இசக்கிசெல்வி இதில் எதையும் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டாஞ்சேரி பஜாரில் ரஷீதின் பாத்திரக்கடைக்குள் ஏறி, வரிசையாக இருந்த கெட்டில்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இக்கா, இதுல எது சத்தம் போடாது?" என்றாள்.

ரஷீதுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சரக்கு எடுக்கப் போனால் இந்தி. அவள் தமிழில் கேட்டதால் தமிழிலேயே பதில் சொன்னார்.

"சேச்சி, இது கெட்டிலாக்கும். குக்கர் இல்ல. விசில் அடிக்காது."

"விசில் இல்ல இக்கா. கொதிக்கதுக்கு முன்னால ஒரு இரைச்சல் கெளம்புமே, அது."

"தண்ணி கொதிச்சா இரைச்சல் வராம பின்ன பாட்டா வரும்?"

அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் ரஷீது கேலியை நிறுத்தினார். ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டுக் காட்டினார். கடைக்கு முன்னால் லாரியிலிருந்து சுமட்டுக்காரர்கள் ஃபிரிட்ஜ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கடையில் மிக்சி ஓட்டிக் காட்டினார்கள். கெட்டில் கொதித்து ஆவி வந்து, சுவிட்ச் தானாக விழுந்தது. ஒன்றும் காதில் விழவில்லை. எல்லாக் கெட்டிலும் இந்த பஜாரில் சத்தம் போடாத கெட்டில்தான்.

"இப்ப பாக்க முடியாது" என்றார் ரஷீது. "வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துக்கு வாங்க. இந்த வரிசைல எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்கிட்டுத் தொழப் பள்ளிக்குப் போயிடுவோம். சுமட்டுக்காரங்களும் இருக்கமாட்டாங்க. பல்லி கத்தினாக்கூட கேக்கும். எங்க வீட்டுக்காரி கடைல இருப்பா. ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டு எடுத்துக்குங்க."

இசக்கிசெல்விக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

ஒரு கெட்டிலுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், அதற்கு அவளுடைய வீட்டைச் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியிலேயே செர்லாய்க்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு. ஒரே நீள அறை. வீட்டுச் சொந்தக்காரி கமலாக்ஷி அதில் பிளைவுட் அடித்து மூன்றாகப் பிரித்துவிட்டிருந்தார். வாசல் பக்கம் இசக்கிசெல்வி படுக்கிற இடம், நடுவில் கூடக் குடியிருக்கிற ரஹீனாவின் கட்டில், கடைசியில் அடுக்களை. பிளைவுட் கூரை வரைக்கும் போகாது. அடுக்களையில் கடுகு வெடித்தால் ரஹீனாவின் தலையணைக்குக் கேட்கும்.

இசக்கிசெல்விக்கு நாற்பத்தைந்து வயது. செங்கோட்டைப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஏழாவது மாதம் புருஷன் திருப்பூருக்கு வேலை பார்க்கப் போனான். அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். இவள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள். இப்போது காக்கநாட்டில் ஒரு கம்பெனி காண்டீனில் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறாள். ஆறரைக்குக் கல் காய வேண்டும். அதற்கு நாலு ஐம்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு நாலு மணிக்கு எழுந்து ஒரு டீ குடித்தாக வேண்டும். குடிக்காவிட்டால் அவளுக்குக் கால் நகராது.

ரஹீனா ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவள். பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்துப் பெண். முப்பத்தாறு வயது, தனி ஆள். மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை ஷிஃப்ட். வந்து சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகும். நாலு மணிக்குக் கெட்டில் இரைய ஆரம்பிக்கும்.

அது சும்மா இரையாது. ஆயிரத்தைந்நூறு வாட்ஸ் ஸ்டீல் கெட்டில். சுவிட்சைத் தட்டியதும் முதலில் வறுகடலைக்காரன் மணலைக் கிளறுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அது ஏறி ஏறி, படகு ஜெட்டியில் அணைவதற்கு முன் இன்ஜினைத் திருப்பிப் போடுவார்களே, அந்த மாதிரி உறுமும். பிறகு திடீரென்று அடங்கும். தண்ணீர் அப்போதுதான் கொதிக்கும். மட்டாஞ்சேரித் தண்ணீரின் உப்பு அடியில் வெள்ளையாகப் பூத்ததிலிருந்து உறுமல் இன்னும் கூடிப் போயிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே ரஹீனா சொன்னாள்:

"அக்கா, காலைல அந்த கெட்டில் சத்தத்துல என் உறக்கமே போவுது. இப்படியே போனா நான் வேற எங்கயாவது ரூம் பாக்கணும் போல."

இசக்கிசெல்வி அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். "அவ்வளவு சத்தமாட்டி வருது?" என்று மட்டும் கேட்டாள்.

ரஹீனா வருவதற்கு முன் எட்டு வருஷம் அவள் அந்த வீட்டில் தனியாக இருந்தவள். காண்டீனில் மலையாளமும் இந்தியும் ஓடும். தமிழ் பேச ஆள் கிடையாது. வீட்டில் எதுவுமே பேச ஆள் கிடையாது. சனிக்கிழமை பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்டதற்கு அப்புறம் தன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வரவில்லை என்பது, திங்கட்கிழமை காலையில் தொண்டை கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்கே தெரியவரும். அந்த எட்டு வருஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ரஹீனா வந்து ஆறு வருஷமாகிறது. இன்னொரு எட்டு வருஷம் அப்படி இருக்க அவளால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் மறுநாளிலிருந்தே கெட்டிலோடு மல்லுக்கட்டினாள். அதன் மேல் துண்டைச் சுற்றினாள், துண்டு கருகியது. நீள வயர் போட்டு அதைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல் மேல் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்து வீட்டு நாய் அதைப் பார்த்துக் குரைத்ததில் சந்து முழுவதும் எழுந்தது. முந்தின நாளே வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தாள். அந்த டீ அட்டைப்பெட்டியை நனைத்துப் பிழிந்த மாதிரி இருந்தது. கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கலாமென்றால் லைட்டர் ஐந்து தடவை 'டிக் டிக்' என்ற பிறகுதான் பற்றும். இரண்டு நாள் டீயே இல்லாமல் போனாள். இரண்டாவது நாள் தோசைக்கல்லில் விரலைச் சுட்டுக்கொண்டாள்.

ரஹீனா இதையெல்லாம் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சரியாயிற்று என்றும் சொல்லவில்லை, சரியாகவில்லை என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் ரஷீது கடை.

வியாழக்கிழமை காண்டீன் மேஸ்திரியிடம் போய் மறுநாள் அரை நாள் லீவு கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் லீவு கேட்டதில்லை. மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்தா சேச்சி, கல்யாணமோ?" என்றார்.

"கெட்டில் வாங்கணும் சார்."

அன்று முழுக்கக் காண்டீனில் அதுதான் பேச்சு. சட்னி அரைக்கிற பெண் சொன்னாள்: "சேச்சிக்கு மாப்பிள வந்திருக்கு. ஸ்டீல் கலர். கையைத் தொட்டா சூடாகுமாம்." இசக்கிசெல்வியும் சிரித்தாள். அரை நாளும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவள் பஜாருக்குள் நுழையும்போது தொழுகைக்கான பாங்கு முடிந்திருந்தது. வெள்ளைச் சட்டைகள் வேகவேகமாகப் பள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு கடையிலும் ஷட்டர் இடுப்பளவு இறங்கியது. ரஷீது கடை ஷட்டருக்குக் கீழே குனிந்து அவள் உள்ளே போனாள்.

ரஷீதின் மனைவி மெஹருன்னிசா ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஒரு இட்லிப்பானைப் பெட்டி மேல் நீட்டியிருந்தார். பருத்த உடம்பு, நல்ல சிரிப்பு.

"வா மோளே. அவரு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. ஒரு சேச்சி வரும், கெட்டிலைப் பொண்ணு பாக்கற மாதிரி ஒவ்வொண்ணா உக்காத்தி வச்சுப் பாக்கும், கூட இருந்துக்கன்னு."

"மன்னிச்சுக்கிடுங்க இத்தா. உங்களுக்கும் சிரமம்."

"எனக்கென்ன சிரமம், உக்காந்தே இருக்கேன். எதை முதல்ல வைக்க?"

மெஹருன்னிசா கைக்கு வந்ததை எடுத்து வைத்தார். பெரிய ஸ்டீல் கெட்டில். இசக்கிசெல்விக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஐயோ இத்தா, இது வேண்டாம். எங்க வீட்ல இருக்கது இதேதான்."

"இருக்கட்டும் மோளே. இதோட சத்தத்தைக் கேட்டுட்டு அப்பறம் மத்ததைக் கேட்டாத்தானே வித்தியாசம் தெரியும்? தராசுல ஒரு தட்டுல படிக்கல்லு வேணாமா?"

அதுவும் சரிதான் என்று இசக்கிசெல்விக்குப் பட்டது. ஆனால் நின்றபடி கேட்டால் கணக்குச் சரியாக வராது. அவள் கெட்டிலிலிருந்து கையை நீட்டி அளந்தாள். அடுக்களைத் திண்டிலிருந்து ரஹீனாவின் தலையணைக்கு நாலு கை தூரம். நாலாவது கையில் ஒரு பீரோ நின்றது. அதற்குப் பின்னால், ஃபேன் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மெஹருன்னிசா எட்டிப் பார்த்தார். "அல்லாவே! நீ கெட்டில் வாங்க வந்தியா, உறங்க வந்தியா?"

"அவ இப்படித்தான் இத்தா படுத்திருப்பா. இடது பக்கமா ஒருக்களிச்சு. வலது காது மேல இருக்கும்."

"அடி ஆத்தே" என்றார் மெஹருன்னிசா, சுவிட்சைத் தட்டினார்.

ஸ்டீல் கெட்டில் உறுமியது. பீரோக்களும் தகரமும் நிறைந்த கடையில் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. வீட்டில் கேட்கும்போது இசக்கிசெல்வி அதன் பக்கத்திலேயே நிற்பாள், பால் பாக்கெட்டை வெட்டுவாள், சர்க்கரை எடுப்பாள். இப்போதுதான் முதல் தடவையாகப் படுத்துக்கொண்டு கேட்கிறாள். இத்தனை நாள் ரஹீனா இதையா பொறுத்துக்கொண்டாள் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்தது கண்ணாடிக் கெட்டில். உள்ளே நீல விளக்கு எரிந்தது. இரைச்சல் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் கொதிக்கும்போது மூடி தடதடவென்று ஆடியது. சுவிட்ச் விழுந்த சத்தம் யாரோ விரலைச் சொடுக்கிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"தூக்கிப் போட்ருச்சு இத்தா. வேண்டாம்."

"அப்ப இது. வாட்ஸ் கம்மி, ரெட்டைச் சுவரு. உள்ள ஸ்டீல், வெளிய பிளாஸ்டிக். ஆனா மெதுவாத்தான் கொதிக்கும். பத்து நிமிஷத்துக்கு மேல ஆவும். யாரும் வாங்கமாட்டேங்கறாங்க. எல்லாருக்கும் அவசரம்."

மெஹருன்னிசா சுவிட்சைத் தட்டினார். இசக்கிசெல்வி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே பஜாரும் அப்படியே கிடந்தது. ஒரு காக்கை தகரக் கூரையில் நடந்தது. அப்புறம் மெல்ல, நாலு வீடு தள்ளி யாரோ அரிசி களைகிற மாதிரி ஒரு சின்ன சத்தம். அது ஏறவே இல்லை.

இதுதான், என்று நினைத்தாள். இதை நாளைக்குக் காலையில் போட்டால் அவள் புரண்டுகூடப் படுக்கமாட்டாள்.

பத்து நிமிஷம் சும்மா இருக்க மெஹருன்னிசாவால் முடியாது. "யாருக்காக மோளே இந்தப் பாடு? தங்கச்சியா?"

"இல்ல இத்தா. கூட இருக்கவ. உங்க பக்கத்துப் புள்ளதான். ரஹீனான்னு பேரு. ஆஸ்பத்திரி லேபுல இருக்கா."

"எந்த ரஹீனா? புதுநகரத்துக்காரியா? ஒசரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு?"

"ஆமா. தெரியுமா?"

"தெரியுமாவா! பத்து நாள் முந்தி இங்கதானே வந்து மொத்தமா சாமான் எடுத்தா. குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, தட்டு, தம்ளர், ஒரு வாளி. கலூர்ல வீடு எடுத்திருக்காளாமே, ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல. நாளைக்குக் காலைல எங்க டெம்போலதான் போவுது. போற வழில செர்லாய்ல நிறுத்தி அவ பெட்டியையும் ஏத்திக்கணும்னு சொன்னா. ஒன்பது மணிக்கு முன்னால வரவேண்டாம்னு ரெண்டு தரம் சொன்னா." மெஹருன்னிசா மூச்சு விட்டார். "நீயும் கூடப் போறியா மோளே?"

இசக்கிசெல்வி கண்ணைத் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு அவள் காக்கநாட்டில் இருப்பாள். நூறாவது தோசையோ நூற்றைம்பதாவது தோசையோ ஊற்றிக்கொண்டிருப்பாள். ரஹீனாவுக்கு அது தெரியும்.

"கெட்டில் எடுத்தாளா இத்தா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"எடுத்தாளே."

"எது?"

"முதல்ல வச்சமே, அந்தப் பெரிசு. நான்கூட சொன்னேன், அது கொஞ்சம் இரைச்சல் ஜாஸ்தி மோளேன்னு. அது பழகிப்போச்சு இத்தா, அது கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும்னா."

மெஹருன்னிசா பீரோப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு தான் சொன்னதை ஒவ்வொன்றாகத் தனக்குள்ளேயே திரும்பச் சொல்லிப் பார்த்தார் போலும். முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. ஸ்டூலிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து வந்து பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மோளே, உன்கிட்ட சொல்லலையா அவ?"

"சொல்லியிருப்பா இத்தா. இன்னைக்கி அவளுக்கு லீவு. இன்னைக்கிச் சொல்லலாம்னு இருந்திருப்பா."

அதற்குள் கெட்டில் கொதித்து முடிந்திருந்தது. எப்போது முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மெஹருன்னிசா அந்தத் தண்ணீரிலேயே பால் இல்லாமல் ஒரு கட்டன் சாயா போட்டு அவள் கையில் கொடுத்தார். இசக்கிசெல்வி அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்து அதைக் குடித்தாள். குடித்துவிட்டு எழுந்து, அட்டையை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"இதை எடுத்துக்கிடுதேன் இத்தா. பில் போடுங்க."

"இனி எதுக்கு மோளே? விடு. நான் அவருகிட்ட சொல்லிக்கறேன்."

"வெந்நி போட்டுக் குடிச்சாச்சி. இதைப் போய் எப்படித் திருப்பி வைக்க?"

அது காரணமில்லை என்று இருவருக்கும் தெரியும். இரண்டு வாரமாக ஒன்றைத் தேடி அலைந்துவிட்டு, கிடைத்த பிறகு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக அவளுக்கு முடியவில்லை. பள்ளி விட்டு ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. பஜார் மறுபடி இரைச்சலுக்குள் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. ரஹீனா கட்டிலில் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கை நின்றது.

"என்னக்கா இந்த நேரத்துல? ஒடம்பு சுகமில்லையா?"

"அரை நாள் லீவு."

"நீங்களா? லீவா?"

"கெட்டில் வாங்கப் போனேன்."

ரஹீனாவின் கண் இவள் கையிலிருந்த பெட்டிக்குப் போயிற்று. இசக்கிசெல்வி அடுக்களைக்குள் போய்ப் பெட்டியைப் பிரித்து, புதுக் கெட்டிலைக் கழுவி, இரண்டு பேருக்குத் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். ரஹீனா தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓடுதா அது?" என்றாள் ரஹீனா.

"ஓடுது. வெளக்கு எரியுதே."

"சத்தமே இல்லையே."

"இல்ல."

தண்ணீர் கொதித்தது. இசக்கிசெல்வி டீத்தூளைப் போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "கலூர்ல தண்ணி எப்படின்னு தெரியல. உப்புத் தண்ணின்னா அந்தக் கெட்டில் அடி வெள்ளையாப் பூத்துரும். மாசத்துக்கு ஒருக்கா ஒரு மூடி வினிகர் ஊத்திக் கொதிக்கவிட்டுக் கழுவு. இல்லன்னா சத்தம் ரொம்ப ஏறும்."

ரஹீனா சுவரோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு சொன்னாங்க?"

"ரஷீது கடை இத்தா. அவங்க மேல தப்பில்ல. எனக்குத் தெரியும்னு நெனச்சிச் சொல்லிட்டாங்க."

"இன்னைக்கிச் சொல்லணும்னுதான் இருந்தேன் அக்கா. சத்தியமா. காலைலேர்ந்து எப்படிச் சொல்றதுன்னே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"சொல்லாட்டா என்ன. ஆனா அந்தக் கெட்டில் மேல ஏன் பழி போட்ட? அது என்ன செஞ்சிது ஒன்னை?"

"பின்ன உங்க மேலயா அக்கா போட முடியும்?"

இசக்கிசெல்வி திரும்பினாள். வடிகட்டி கையிலேயே இருந்தது. டீ சொட்டுச் சொட்டாகக் காலில் விழுந்தது.

"நான் என்னட்டி செஞ்சேன்?"

ரஹீனா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"நீங்க எட்டு மணிக்குப் படுக்கறீங்க. நான் வர்ற நேரத்துக்கு எழுந்து சோத்தைச் சூடாக்கி எதிர்ல உக்காந்துக்கறீங்க. நான் தின்னு முடிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கீங்க. அப்பறம் நாலு மணிக்கு எழுந்துக்கறீங்க. ஆறு வருஷமா. பஸ் பத்து நிமிஷம் லேட்டானா ஃபோன் வருது. லேபுல எல்லாரும் ஷிஃப்ட் முடிஞ்சு ரோட்டோரத் தட்டுகடைல சாப்பிடப் போவாங்க. நான் ஒரு தடவ போனதில்ல. அக்கா முழிச்சிருப்பாங்க, அக்கா முழிச்சிருப்பாங்கன்னு ஓடி வந்துருவேன்."

"போயிருக்கலாமே. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"சொல்லல. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். எனக்கு முப்பத்தாறு வயசாச்சு அக்கா. ஒரு நாள் லேட்டா வரணும், ஒரு நாள் சாப்பிடாமப் படுக்கணும், யாரும் ஏன்னு கேக்கக்கூடாது. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல. நீங்க நல்லவங்கதான். அதான் கஷ்டம்."

இசக்கிசெல்வி டீயை இரண்டு தம்ளரில் ஊற்றினாள். ஒன்றை ரஹீனாவுக்கு எதிரே தரையில் வைத்தாள். தானும் உட்கார்ந்தாள். பிறகு, எப்போதும் எதிரே உட்காருவதாகத்தானே இவள் சொன்னாள் என்று தோன்ற, கொஞ்சம் நகர்ந்து பக்கவாட்டில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு கேப்பேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு."

"சொல்லுங்க."

"இனிமே நான் எந்திரிக்க மாட்டேன். எட்டு மணிக்குப் படுத்தா நாலு மணிதான். சோத்தை மூடி வச்சிருதேன், நீ தின்னாலும் சரி, திங்காட்டாலும் சரி. ஃபோன் போடமாட்டேன். நாலு மணிக்கு இந்தக் கெட்டில்தான். நான் இருக்கதே ஒனக்குத் தெரியாது. அப்படின்னா இருப்பியா?"

ரஹீனா டீத் தம்ளரின் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். சந்தில் மீன்காரன் சைக்கிள் ஹாரனை அமுக்கிக்கொண்டு போனான்.

"இந்த ரெண்டு வாரமா நீங்க காலைல எப்படி நடந்தீங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா. விரல் நுனில நடந்தீங்க. தம்ளரைத் துணி மேல வச்சீங்க. இருமல் வந்தப்ப முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டீங்க. நான் முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன். கெட்டில் சத்தத்துல நான் எப்பவும் திரும்பித் தூங்கிருவேன். இதுல முடியல." அவள் தலை நிமிரவில்லை. "வேண்டாம் அக்கா. நான் போறேன்."

இசக்கிசெல்வி தலையாட்டினாள். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. இதற்கு மேல் கேட்டால் அந்தப் பெண் இளகிப்போய் இருந்துவிடக்கூடும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்க வாயெடுத்தாள். ரஹீனாவின் தோள்கள் காதுவரை ஏறி இறுகியிருந்தன. அடுத்த சொல் விழட்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தாள். இசக்கிசெல்வி தம்ளரை எடுத்து டீயைக் குடித்தாள்.

"ஆறிரும். குடி."

குடித்தாள். "ஞாயித்துக்கிழமை வருவேன் அக்கா. கலூர் என்ன, ஒரு பஸ்ஸுதானே."

"வா. வாரதுக்கு முன்னால ஃபோன் போடு. நான் காத்துக்கிட்டுக் கெடக்கேன்னு நெனைக்காத."

அதற்கு இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் ரஹீனா அழுதாள். இசக்கிசெல்வி அழவில்லை. கட்டிலில் கிடந்த துணிகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்து மடிக்க உட்கார்ந்தாள். சுரிதாரை ரஹீனா நாலாக மடிப்பாள்; இவள் உருட்டினாள். உருட்டினால் பெட்டியில் இடம் மிச்சமாகும், சுருக்கம் விழாது என்றாள். சாயங்காலம் வரைக்கும் உருட்டினார்கள்.

"நாளைக்கு இருப்பீங்களா அக்கா? ஒன்பது மணிக்கு?"

"எங்க? இன்னைக்கே அரை நாள் போயாச்சி. மேஸ்திரி தொலச்சிருவாரு."

ரஹீனா சரி என்றாள். அவளுக்கு வருத்தமா நிம்மதியா என்று இசக்கிசெல்வி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு மணிக்குப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை நாலு மணிக்கு அவள் எழுந்து புதுக் கெட்டிலில் ஒருவருக்குத் தண்ணீர் போட்டாள். பதினொரு நிமிஷம் ஆனது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரும் புரளவில்லை. டீயைக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாலு ஐம்பது பஸ்ஸில் காக்கநாட்டுக்குப் போனாள். ஒன்பதேகாலுக்கு டெம்போ செர்லாய்க்கு வந்தது. இரண்டு பெட்டியையும் ஒரு மெத்தையையும் ஏற்றிக்கொண்டு கலூருக்குப் போனது. தன்னிடமிருந்த சாவியை ரஹீனா வீட்டுச் சொந்தக்காரி கமலாக்ஷியிடம் கொடுத்திருந்தாள்.